பேச்சாயியின் பரங்கிக்காய்க் கடன்

பேச்சாயி எங்கள் கோயிலுக்கு நாலாயிரத்து இருநூறு ரூபாய் கடன்பட்டிருந்தாள். ஒரே ஒரு பரங்கிக்காய்க்கு.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. எங்கள் சபையில் மாசி மாதம் அறுப்பின் பண்டிகை நடக்கும். அவரவர் வீட்டில் விளைந்ததைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைப்போம். ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலத்துக்கு வரும். முட்டையோ முருங்கைக்காயோ சேவலோ, சந்தை விலைக்கும் ஏல விலைக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. காசு ஆண்டவருக்குப் போகும், பெருமை கேட்டவருக்கு வரும். கையில் இல்லாவிட்டாலும் கேட்கலாம். அடுத்த பண்டிகைக்குள் கட்டிவிட வேண்டும். கட்டாதவர்களின் பெயரை அடுத்த ஏலம் தொடங்குமுன் பொருளாளர் வாசிப்பார். பெயர் வந்தவர் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும்.

பேச்சாயி என் கடையில் பாத்திரம் கழுவுகிறவள். என் கடை என்றால் வாடகைப் பாத்திரக் கடை. திண்டுக்கல்லில் ஒரு கல்யாணம் என்றால் முதலில் மண்டபத்தைக் கேட்பார்கள், அடுத்து என்னைக் கேட்பார்கள். வேடசந்தூர்ப் பக்கமிருந்து ஒற்றை அண்டாவோடு வந்து இறங்கியவன் நான். நாலாங்கிளாசுக்கு மேல் பள்ளிக்கூடம் எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஆனாலும் பந்திக்கு எத்தனை பேர் என்று சொன்னால் போதும், எத்தனை அண்டா, எத்தனை வாளி, எத்தனை கரண்டி என்று வாயாலேயே சொல்லிவிடுவேன். என் மகன் ஆனந்த்ராஜ் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, "சரியாத்தான்ப்பா இருக்கு" என்பான். அந்தக் கம்ப்யூட்டரை வாங்கிக் கொடுத்ததும் நான்தான்.

பேச்சாயியின் புருசன் வீரன் என்னிடம் பந்தல் போட்டவன். நல்ல வேலைக்காரன். ஏலம் என்றால் மட்டும் புத்தி பேதலித்துவிடும். வருசா வருசம் ஒரு சேவலையோ வாழைத்தாரையோ கேட்டு வைப்பான். ஒரு வருசமும் கட்டியதில்லை. பொருளாளர் பெயர் வாசித்ததும் எழுந்து, சிரித்த முகமாக, "அடுத்த வருசம்ங்க" என்பான். போகப்போக ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளெல்லாம் அவனோடு சேர்ந்து கோரஸாகச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். கோயிலே சிரிக்கும். பேச்சாயி மட்டும் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வாள். வீரன் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தபோது சபை அவன் பாக்கியைத் தள்ளுபடி செய்தது. ஆனால் "அடுத்த வருசம்ங்க" என்ற சொல்லைப் பிள்ளைகள் தள்ளுபடி செய்யவில்லை. அவள் தெருவில் நடந்தாலே எவனாவது ஒருவன் சொல்லிவிட்டு ஓடுவான்.

அப்படிப்பட்டவள் ஏன் ஏலம் கேட்டாள் என்றால், மகள் இசைவாணிக்கு அந்த வருசம்தான் வேடசந்தூர் மில்லில் வேலை கிடைத்திருந்தது. நன்றிக் காணிக்கையாக ஐம்பது ரூபாய்க்குள் ஏதாவது எடுக்கலாம் என்று கையைத் தூக்கினாள். பொருளாளர் ராயப்பராஜுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"பரங்கிக்காய் எதுக்குத்தா ஒனக்கு? அதையும் கழுவிக் கவுத்தவா?" என்றார்.

சிரிப்பு எழுந்தது. பேச்சாயி, "நூறு" என்றாள். நானும் அந்தக் காய்க்குக் கேட்டுக்கொண்டிருந்தேன். நான் ஏற்ற, அவள் ஏற்ற, நாலாயிரம் வரைக்கும் போனது. அதற்குமேல் நான் விட்டுவிட்டேன். காசில்லாமல் இல்லை, ஆனந்த்ராஜ் என் காலை மிதித்துக்கொண்டே இருந்தான். அவள் நாலாயிரத்து இருநூறுக்கு முடித்து, காயை இடுப்பில் ஏந்திக்கொண்டு மகாராணி மாதிரி நடந்து போனாள். தெருவுக்கே பரங்கிக்காய்க் கூட்டு.

அது இரண்டாயிரத்து இருபத்தொன்று. சித்திரையோடு கொரோனாவின் இரண்டாவது அலை வந்தது. கல்யாணமெல்லாம் பத்துப் பேரோடு வீட்டு வாசலிலேயே முடிந்தது. பத்துப் பேருக்கு யார் அண்டா எடுப்பார்கள்? மில்லும் மூடியது. என் கடையில் அண்டாக்கள் கவிழ்ந்து கிடந்தன. என் ஆட்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் அரிசி மூட்டை இறக்கினேன். இதை நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை, அதனால் சொல்கிறேன்.

பேச்சாயி அரிசியை வாங்கிக்கொண்டு, என் தள்ளுவண்டியைக் கேட்டாள்.

"காய்கறி வண்டிக்கு அனுமதி குடுக்குறாகளாம் மொதலாளி. தெருத்தெருவா போயி வித்துட்டு வாரேன்."

"வாடகை?"

"தெனம் கால் கிலோ கத்திரிக்கா."

"எனக்குக் கத்திரிக்காய் ஆகாதுன்னு தெரியும்ல?"

"தெரிஞ்சுதான் சொன்னேன்."

வயிற்றுப்பாட்டுக்குப் போக மிச்சத்தை ஒரு மஞ்சள் பைக்குள் போட்டு வைத்தாள். அது ஆண்டவர் காசு, அதில் கை வைக்கக்கூடாது என்று இசைவாணிக்குக் கண்டிப்பு. ஒருநாள் வெறும் கஞ்சிக்கு வெஞ்சனம் இல்லை என்று அந்தப் பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதாம். "மொளகா இருக்குல்ல, கடிச்சுக்க" என்றாளாம் இவள். விற்றது போக மீந்த காயைக்கூட அடுத்தநாள் விலைக்கு வைத்தவள் அவள். பை கிட்டத்தட்ட நிறைந்துவிட்டது.

அப்போதுதான் பேகம்பூரில் அஜீஸுன்னிசாவின் புருசனுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. அவர் பெயர் அப்துல் வாஹித், பிரியாணி மாஸ்டர். விசேஷங்களுக்கு என் அண்டாவில் அவர் சமைப்பார், அதைப் பேச்சாயியும் அஜீஸுன்னிசாவும் சேர்ந்து கழுவுவார்கள். அப்படிப் பழக்கம். வாஹித்தை மதுரைக்குக் கொண்டுபோக வேன்காரர் கேட்ட காசு அந்த வீட்டில் இல்லை. வண்டியோடு அந்தத் தெருவில் போன பேச்சாயி அழுகைச் சத்தம் கேட்டு உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறாள். வண்டியை நடுத்தெருவில் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி, மஞ்சள் பையை அப்படியே கொண்டுவந்து வேன்காரர் மடியில் கொட்டினாள்.

விசயம் தெரிந்ததும் நான் அவளைப் பிடித்துச் சத்தம் போட்டேன். நான் ஒருவன் இருக்கிறேன், என்னிடம் வந்திருக்கலாம்.

"ஏத்தா, அது ஆண்டவருக்குன்னு எடுத்து வச்ச காசு. அதத் தொடலாமா?"

"ஆண்டவருக்கா மொதலாளி மூச்சு முட்டுது? வாஹித்துக்குத்தான முட்டுது."

"என்கிட்டக் கேட்டிருக்கலாம்ல?"

"ஒங்க வீடு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். மூச்சு இந்தப் பக்கம் போயிக்கிட்டு இருக்கு."

நேரே பாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். ஜெபம் முதலா, காணிக்கை முதலா, அடுத்தவன் உயிர் முதலா என்று வேத வசனத்தோடு விளக்குவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகக்கவசத்துக்குள்ளேயே சிரித்தார். "மூணு வாரமா நான் ஆன்லைன்ல பிரசங்கம் பண்ணிக்கிட்டு இருக்கறத அந்தம்மா ஒத்த வரியில முடிச்சுட்டாங்க" என்றார். நாற்பது வருசமாக முதல் வரிசையில் உட்கார்ந்து பிரசங்கம் கேட்கிறேன். விசுவாசம் என்பது கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவது என்றுதான் நினைத்திருந்தேன். வாக்கு யாருக்குக் கொடுத்தோமோ அவர் அந்த நேரத்தில் எந்த வீட்டு வாசலில் நிற்கிறார் என்று பார்ப்பதும் அதில் சேர்த்தி போலிருக்கிறது. இது எனக்கே தோன்றியது, பாஸ்டர் சொன்னதல்ல.

வாஹித் பிழைத்துக்கொண்டார். ஆனால் கரண்டி பிடிக்கத் தெம்பில்லாமல் மாதக்கணக்கில் வீட்டில் கிடந்தார். அந்தக் காசைப் பற்றி அஜீஸுன்னிசா பேச்செடுத்தபோதெல்லாம் பேச்சாயி, "அதக் கடன்னா குடுத்தேன்?" என்று வாயை அடைத்துவிட்டாள். கல்யாணங்கள் மறுபடி தொடங்கியதும் முதலிலிருந்து சேர்க்க ஆரம்பித்தாள். மாசி வந்துவிட்டது. எழுநூறு ரூபாய் குறைந்தது.

பெயரை அடித்துவிடுகிறேன் என்று பாஸ்டரே சொல்லிப் பார்த்தார். "காசு போன எடம் ஆண்டவருக்குத் தெரியும்மா."

"அவருக்குத் தெரியும்ங்கய்யா. ராயப்பராஜுக்குத் தெரியணும்ல" என்றாள்.

பண்டிகை அன்று ஆராதனை முடிந்து எல்லோரும் வளாகத்தில் கூடினோம். ராயப்பராஜ் மைக்கைத் தட்டி, பாக்கிப் பெயர்களை வாசிக்கத் தொடங்கினார். பேச்சாயி வேப்பமரத்தடியில் மடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருந்த காசு மடியில். முகம் சுண்டிப் போயிருந்தது. பின்னால் இரண்டு பயல்கள் இப்போதே சிரிக்கத் தயாராக இருந்தான்கள். நான் பக்கத்தில் போய் ஆயிரம் ரூபாயை நீட்டினேன்.

"தருமமா?" என்றாள்.

"இல்லத்தா. இன்னைக்கு அசன விருந்துக்கு ஆட்டுக்கறி வெந்த அண்டாவக் கழுவுறதுக்குக் கூலி."

"அதுக்கு ஐநூறுதான் வழக்கம்."

"நான் ஆயிரம் தாரேன். யாரு கேக்க?"

"நான் கேப்பேன். ஐநூறுதான்."

மைக்கில் இரண்டு பெயர் போய்விட்டது. என் வியாபார வாழ்க்கையில் கூலியைக் கூட்டச் சொல்லிச் சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். குறைக்கச் சொல்லி மல்லுக்கு நின்றவள் இவள் ஒருத்திதான்.

"அண்டா மூணு இருக்குத்தா. அடியில கொழுப்பு கட்டியிருக்கு, போயி எட்டிப் பாரு."

அவள் நிசமாகவே அடுப்படிக்குப் போய்க் கரண்டியால் சுரண்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"கொழுப்புக்கு நூறு கூட வச்சுக்கலாம்."

"நெருப்பு அதிகமாகி ஒண்ணு அடிப்புடிச்சுப் போச்சு."

"அதையும் பாத்தேன். அதுக்கு ஒரு நூறு. அம்புட்டுத்தான். அதுக்கு மேல ஒத்த ரூவா வேணாம்." என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "ஆனா நீங்கதான் வேல முடியாமக் கூலி குடுக்க மாட்டீகளே மொதலாளி."

உண்மைதான். கழுவித் துடைத்துக் கவிழ்த்ததை என் கண்ணால் பார்க்காமல் ஒருவருக்கும் நான் கூலி கொடுத்ததில்லை. வீரனுக்கே கொடுத்ததில்லை. அந்தக் கட்டுப்பாட்டில்தான் இந்தக் கடையையே கட்டினேன். நான் ஆயிரத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, நூறு ரூபாய்த் தாள்களை எடுத்தேன்.

"லேயாள் பேச்சாயி" என்று ஞானஸ்நானப் பெயரையும் சேர்த்து வாசித்தார் ராயப்பராஜ் மைக்கில்.

"வாரேன், செத்த இருங்க" என்று அங்கிருந்தே குரல் கொடுத்துவிட்டு, பேச்சாயி என் முன்னால் கையை விரித்தாள். சோப்புக் காரத்தில் வெடித்த உள்ளங்கை அது. கூட்டம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, ஒன்று, இரண்டு என்று வாய்விட்டுச் சொல்லி, ஏழு தாளையும் அதில் எண்ணி வைத்தேன்.