பூ மாட்டிய குமிழ்

பசங்களா, எங்கள் பழைய பெட்ரோல் கார் போன வாரம் புகைச் சோதனையில் ஃபெயில்!

கிருமாம்பாக்கத்தில் புகை பார்க்கிற தம்பி சைலன்சருக்குள் குழாயை விட்டு, திரையைப் பார்த்து முகம் சுளித்தார்.

"இன்னாணா இது... இப்டி கக்குது? சர்டிபிகேட் தர முடியாதுணா."

அது இல்லாமல் காரின் பதிவைப் புதுப்பிக்க முடியாது. அப்புறம்? பழைய இரும்புக் கடைதான். என் மனைவி செல்விக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதிலிருந்து பஸ் படி ஏற முடியவில்லை. இந்தக் கார்தான் அவளுக்குக் கால்.

மெக்கானிக் அந்தோணியின் ஷெட்டில் விட்டேன். ஏர் ஃபில்டர் முழுக்க வைக்கோல் தூசி! அறுப்பு சமயத்தில் களத்து ஓரமே நிறுத்தினால் வேறென்ன இருக்கும்? மாற்றினார். பிளக்குகளைக் கழற்றினார் — அடுப்புக் கரி மாதிரி கருப்பு.

"பெட்ரோல் ஜாஸ்தியா போவுதுணா. காத்து பத்தல."

கார்புரேட்டரையும் சுத்தம் செய்தார். ஷெட்டில் வண்டி அலுங்காமல் ஓடியது. கொஞ்சம்கூடப் புகை இல்லை.

மறுநாள் நான், செல்வி, அந்தோணி மூவருமாகச் சோதனைக்குப் போனோம். மறுபடியும் ஃபெயில்!

"இன்னாபா அந்தோணி, வழியில பேய் ஏறிக்கிச்சா?" என்றேன்.

செல்விக்குக் கோபம். "பேய் ஏறக் கூடாதுன்னுதான் காலைல சாமி கும்புட்டு, வண்டிக்குப் புதுப் பூ போட்டேன்!"

அந்தோணி சட்டென்று திரும்பினார். நேற்று ஷெட்டில் இல்லாதது, இன்று இருப்பது... அந்தப் பூ ஒன்றுதானே?

டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு கருப்புக் குமிழ். அதில்தான் பூச்சரம் தொங்கியது. விலக்கிப் பார்த்தால், குமிழ் பாதி வெளியே நின்றது.

"அக்கா, இத யாரு இழுத்தது?"

"நான்தான். உள்ள இருந்தா பூ வழுக்கி வுழுது. வெள்ளிக்கெழம பூ போடச் சொல்லோ இழுத்து வுட்டுதான் மாட்டுவேன்."

"நாசமாப் போச்சு! நேத்து காஞ்ச பூவ எடுத்துட்டு டேஷ்போர்ட தொடச்சேன். அப்ப உள்ள போயிருக்கும். எனக்கே தெரில," என்றார் அந்தோணி.

அந்தக் குமிழின் பெயர் சோக். குளிரில் இன்ஜின் கிளம்ப, காற்றைக் குறைத்துப் பெட்ரோலை அதிகம் கொடுக்கும். கிளம்பியதும் உள்ளே தள்ளிவிட வேண்டும். இல்லாவிட்டால்? மூக்கைப் பொத்திக்கொண்டு வாயில் சோற்றைத் திணிக்கிற கதைதான். எரியாத பெட்ரோல் புகையாக வரும். நம் வெயிலில் அதைத் தொடும் வேலையே வருவதில்லை. எனக்கு அப்படி ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது.

குமிழை உள்ளே தள்ளி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, மறுபடி சோதித்தோம். பாஸ்!

ஒரு பொருள் திடீரென்று மக்கர் பண்ணினால், எது கெட்டது என்று தேடும் முன்பு, எது மாறியது என்று கேட்டுப் பாருங்கள்.

செல்வி இப்போது பூவைக் கையில் வைத்துக்கொண்டு, காருக்குள் ஒவ்வொன்றையும் காட்டிக் கேட்கிறாள்: "இத இழுத்தா இன்னா ஆவும்?"