வெல்லத் துணி

சாலம்மாளுக்குப் பிள்ளை பார்க்கிற வேலை வந்தது கை வெந்ததால்தான். மோகனூருக்கு மேற்கே, காவிரித் தண்ணீர் பாய்கிற ஒரு கரும்புப் பண்ணையில் அவள் கூலியாள். மற்றப் பெண்களைப் போலக் கரும்புக் கட்டுச் சுமந்தாள், வெல்லம் காய்ச்சுகிற கொப்பரைக்கு அடியில் சக்கை தள்ளி எரித்தாள். மேட்டூர் அணை கட்டி முடித்த மறு வருஷம், மாசி மாதத்தில், கொதிக்கிற பாகு தெறித்து வலது கையில் முழங்கை வரைக்கும் தோல் உரிந்து போயிற்று. புண் ஆறின பிறகும் கை நேராக நீளவில்லை. கட்டுத் தூக்க முடியாதவளை என்ன செய்வது என்று பண்ணையக்காரர் ராசப்பன் யோசித்தார்.

"அந்தப் புங்க மரத்தடியில உக்காந்து பிள்ளைகளப் பாத்துக்க. அழுவாமப் பாத்துக்கிட்டாப் போதும்" என்றார்.

"ஆகட்டுங்க பண்ணாடி" என்றாள்.

அழாமல் பார்த்துக்கொள்ள அந்தக் கரும்பு ஆலையில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வழி இருந்தது. பழைய சேலைத் துண்டில் வெல்லக்கட்டியை வைத்து முடிந்து, நனைத்துக் குழந்தையின் வாயில் கொடுத்துவிட வேண்டும். சப்பிக்கொண்டே கிடக்கும், சப்பிக்கொண்டே தூங்கிவிடும். துணி சப்பென்று ஆனால் மறுபடி பாகில் தோய்த்துக்கொள்ளலாம். தை பிறந்து ஆலை ஓட ஆரம்பித்தால் சித்திரை வரைக்கும் நிற்காது. இருட்டோடு கரும்பு பிழிய மாடு பூட்டிவிடுவார்கள். பெண்கள் குழந்தைகளைத் தூக்கத்தோடு கொண்டுவந்து மரத்தடியில் போட்டுவிட்டுப் போனால், பால் கொடுக்க ஓடிவருகிற நேரம் தவிர, பொழுது சாய்ந்துதான் திரும்பி வருவார்கள். சாலம்மாளும் எல்லோரையும் போலத் துணி முடிந்து கொடுத்தாள். தன் மகள் பூவாத்தாளுக்கும் கைக்குழந்தையாக இருந்ததிலிருந்து அப்படித்தான் கொடுத்துவந்திருந்தாள்.

அடுத்த வருஷம் பூவாத்தாளுக்கு நாலு வயசு. முன்பற்கள் கறுத்துக் கரைந்து, ஈறோடு ஈறாக மொட்டையாக நின்றன. ஆலைப் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு வாய் அப்படித்தான் இருந்தது. பால்பல்தானே, விழுந்து முளைக்கும் என்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பங்குனியில் ஒருநாள் குழந்தை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மஞ்சள் பற்றுப் போட்டார்கள், கிராம்பு வைத்தார்கள், உப்பு வறுத்து ஒத்தடம் கொடுத்தார்கள். வீக்கம் தாடையிலிருந்து ஏறி ஒரு கண் மூடிக்கொண்டது. காய்ச்சலில் பிள்ளை பிதற்ற ஆரம்பித்த பிறகுதான் சாலம்மாளின் புருஷன் காளியப்பன் பண்ணாடியிடம் வண்டி கேட்டு வாங்கினான். நாமக்கல் போய்ச் சேரும்வரை சாலம்மாள் குழந்தையின் தலை குலுங்காமல் மடியில் அழுத்திப் பிடித்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் தாடைக்குக் கீழே கீறிச் சீழை எடுத்தார்கள். சொத்தைப் பற்களையும் பிடுங்கினார்கள். டாக்டர் வயசானவர். கை கழுவிக்கொண்டே, "வெல்லத்தை வாயிலேயே வெச்சுத் தூங்க வெப்பீங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"இவளுக்கு மட்டுமா?"

"ஆலையில எல்லாக் கொழந்தைக்கும் அப்பிடித்தானுங்க."

"இனிப்பு வாயில ஊறிக்கிட்டே கெடந்தா பல்லு அரிச்சுப் போகும்மா. சோறு திங்கிறப்போ கொஞ்சம் திங்கட்டும், தப்பில்ல. தின்னா வாயைக் கழுவணும். தூங்கும்போது வாயில ஒண்ணும் இருக்கக் கூடாது. இவ பொழைச்சுக்கிட்டா. எல்லாரும் பொழைக்கிறதில்ல."

வெளியே பெரிய வரிசை காத்திருந்தது.

ஊர் திரும்பியதும் சாலம்மாள் துணி முடிவதை நிறுத்தினாள். அன்றைக்கு மரத்தடியில் எழுந்த அழுகை ஆலைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. ஒரு தூளியை ஆட்டினால் இன்னொரு தூளியில் வீறிட்டது. கேழ்வரகுக் கூழ் ஊட்டினாள், மோர் கொடுத்தாள், தொண்டை கட்டும்வரை பாடினாள். அழுகையைக் கேட்டுத் தாய்மார்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து வந்து பார்த்தார்கள். ராசப்பனே நேரில் வந்துவிட்டார்.

"என்ன சாலா, கொப்பரையில பாகு தீயுது. பொம்பளைக எல்லாம் இங்க நிக்கிறாளுக. உனக்கு என்ன வேலை குடுத்தேன்?"

"பல்லுக்கு ஆகாதுன்னு டாக்டர் சொன்னாருங்க பண்ணாடி. எம்பட புள்ளையப் பாத்தீங்கல்லங்க."

அவர் பூவாத்தாளின் கழுத்துக் கட்டைப் பார்த்தார். "நாலு நாளைக்குள்ள சத்தம் அடங்கோணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பொன்னாயிதான் அடங்கவில்லை. அவள் மகன்தான் அங்கே எல்லோரையும்விட உரக்க அழுகிறவன். "உம் புள்ளைக்கு வந்தா ஊருக்கே வருமா? எம் பையன் தொண்ட வத்திச் சாவட்டுமா?" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அழுதா சாவ மாட்டான் புள்ள. எம் மவளுக்கு வந்த நோவ நீ பாக்கல."

"போக்கா, உன்னோட பேச எனக்கு நேரமில்ல."

சாலம்மாள் முகம் திருப்பின நேரம் பார்த்துப் பொன்னாயி மகன் வாயில் துணியைத் திணித்துவிட்டுப் போவாள். சாலம்மாள் அதை உருவி எறிவாள். அவன் மூச்சடைக்க அழுவான். இந்த இழுபறி அந்தப் பருவம் முழுக்க நடந்தது.

மற்றக் குழந்தைகள் சில நாளில் பழகிக்கொண்டன. ஆனால் பகலில் நிறுத்தினது வீட்டில் தொடர்ந்தது. களைத்துப்போன தாய்மார்கள் ராத்திரி தூக்கத்துக்கு அதே துணியைத்தான் எடுத்தார்கள். சாலம்மாள் வீடு வீடாகப் போய்ச் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு வீட்டிலும் அடுப்பு ஊதிக்கொண்டே, "செரிக்கா, செரிக்கா" என்று தலையாட்டினார்கள். மறுநாள் காலையில் குழந்தையின் மோவாயில் பாகு காய்ந்து ஒட்டியிருக்கும்.

திட்டவும் அவளால் முடியவில்லை. அவர்கள் படுகிற பாடு அவளுக்குத் தெரியும். அடுத்த வருஷம் ஆலை தொடங்கியபோது அவள் வீடுகளுக்குப் போவதை விட்டுவிட்டாள். கவலை இறைக்கிற கிணற்றோரத் தண்ணீர்த் தொட்டிக்குப் போக ஆரம்பித்தாள். வேலை முடிந்ததும் பெண்கள் எல்லோரும் கையிலும் காலிலும் பிசுபிசுப்பைக் கழுவ அந்தத் தொட்டிக்குத்தான் வந்தாக வேண்டும். சாலம்மாள் பிள்ளைகளை அங்கேயே கொண்டுபோய் நிறுத்தினாள். ஒரு கொட்டாங்கச்சியில் உப்பும், கொஞ்சம் சுத்தமான துணியும் வைத்துக்கொண்டாள்.

"கையக் கழுவறீங்கல்ல, அப்பிடியே புள்ள வாயையும் ஒருக்காக் கழுவிக் கூட்டிட்டுப் போங்க. ஊட்டுக்குப் போயி சோறு தின்னதும் ரெண்டு மொடக்குத் தண்ணி குடுங்க. அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம்" என்றாள்.

முதலில் செய்தவள் உண்ணாமலை. அவள் குழந்தைக்கு அப்போது இரண்டே பற்கள். விரலில் ஈரத்துணியைச் சுற்றி ஈறைத் துடைத்தாள். குழந்தை விரலைக் கடித்ததும் சிரித்துவிட்டாள். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்குக் கொப்பளிப்பது விளையாட்டாகிவிட்டது. யார் துப்பினது தூரம் போகிறது என்று வரிசையாக நின்று துப்பினார்கள். தாய்மார்கள் வேண்டாம் என்றாலும் பிள்ளைகள் தொட்டிக்கு இழுத்தன. பொன்னாயி மட்டும் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. அவள் மூத்த மகள் தம்பியைத் தூக்கிக்கொண்டுவந்து வாயைக் கழுவிவிடுவாள். பொன்னாயி அதைப் பார்க்காதது போல இருந்துகொண்டாள்.

நன்றாகத்தான் நடக்கிறது என்று நினைத்திருக்கும்போதே தைமாதம் வந்துவிடும், ஆட்கள் மாறிவிடுவார்கள். ராசிபுரம் பக்கத்திலிருந்தும் கொல்லிமலை அடிவாரத்திலிருந்தும் புதுக் குடும்பங்கள் வரும். புதுத் தாய்மார்கள் இடுப்பில் குழந்தையும் குழந்தை வாயில் வெல்லத் துணியுமாக வந்து நிற்பார்கள். சாலம்மாள் முதலிலிருந்து ஆரம்பிப்பாள். அதே சொல், அதே அழுகை, அதே சண்டை. உலகச் சண்டை நடந்த வருஷங்களில் வெல்லத்துக்குக் கிராக்கி ஏறி, ஆலை வைகாசி தாண்டியும் ஓடியது. ஒரு வருஷம் அவளுக்குக் குளிர்க்காய்ச்சல். கண்ணைத் திறக்க முடியவில்லை. தூளியில் ஒரு குழந்தை நிற்காமல் அழுதது. அவள் எழுந்து, கொப்பரைப் பக்கம் போய், ஒரு துணியைத் தோய்த்துக்கொண்டுவந்து அதன் வாயில் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். அன்றைக்கு முழுவதும் மரத்தடி அமைதியாக இருந்தது.

பூவாத்தாளுக்குப் புதுப் பற்கள் முளைத்தன. சீழ் பிடித்த இடத்தில் வந்த பல் மட்டும் பழுப்பேறிச் சொரசொரப்பாக இருந்தது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. வாயைத் திறந்து நன்றாகச் சிரிக்கிற பெண்ணாக வளர்ந்தாள். பதினாலு வயசில் அவளும் ஆலையில் சக்கையைக் காயப் பரப்பினாள்.

அந்த வருஷம் பெரிய வீட்டிலிருந்து ஆள் வந்தது. ராசப்பனின் மருமகள் கூப்பிடுவதாகச் சொன்னார்கள். சாலம்மாள் கொல்லைப்பக்கம் போய் நின்றாள். சின்னவயசு மருமகள், மடியில் இரண்டரை வயசுப் பையன். அவன் உதட்டைத் தூக்கிக் காட்டினாள். முன்பற்களின் ஈறோரம் பழுப்புக் கோடு ஓடியிருந்தது.

"இவனுக்கு வெல்லத் துணியெல்லாம் குடுத்ததில்ல சாலா. பாலுதான். சர்க்கரை போட்டு, படுக்கையிலயே குடுப்பேன். குடிச்சுட்டே தூங்கிருவான்."

"அதுவும் அதேதானுங்க அம்மணி. உக்கார வெச்சுக் குடுங்க. குடிச்சதும் தண்ணி குடுத்து, துணியில பல்லைத் தொடச்சுட்டுப் படுக்கப் போடுங்க."

"அழுவானே."

"அழுவாங்க. பொறவு பழகிக்குவாங்க."

"அழுதா மாமா கோவிச்சுக்குவாரே."

பத்து வருஷமாக இதே பதிலைச் சொல்லிச் சொல்லிச் சாலம்மாளின் வாய் ஓய்ந்திருந்தது. "பண்ணாடி முன்னமே இந்த அழுகையக் கேட்டவருதானுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்றாள்.

மருமகள் பையனின் வாயை மறுபடி திறந்து பார்த்தாள். "இன்னிக்கே செஞ்சு பாக்கறேன்" என்றாள். உள்ளே போய் ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்து, சாலம்மாள் ஏந்தின கையில் ஊற்றினாள். மடங்கின கையில் பாதி வழிந்தது. மீதியைக் குடித்துவிட்டு, "வாரேனுங்க அம்மணி" என்று சொல்லிவிட்டுச் சாலம்மாள் கரும்புக்காட்டு வரப்பில் நடந்தாள். நடுவழியில் முழங்கால் வலித்தது. வாய்க்கால் மேட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். ஆலைப் பக்கமிருந்து அன்று புதிதாக வந்த குழந்தை ஒன்றின் அழுகை கேட்டது. இன்னும் கொஞ்சம் உட்காரலாம் என்றுதான் இருந்தது. எழுந்து போனாள்.