மலர்விழி அம்மா தந்த பாதி ஓதல்

கொள்முதல் நிலையத்தில் மழைக்குப் பயந்து நெல்மேல் தார்ப்பாய் இழுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "ஐயா, அக்கா போயிட்டாங்க. நீங்க வந்துதான் ஓதணும்," என்றான் மலர்விழி அம்மாவின் தம்பி செந்தில். எதிர்பார்த்த செய்திதான். இருந்தும் பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை.

நம் குத்தாலம் கடைத்தெருவில் அவருடைய ஜெராக்ஸ் கடையை அறிந்த உங்களில் பலருக்கு, அவர் பௌத்த ஆசிரியர் என்பதும் தெரியும். என்னைவிட இருபத்தைந்து வயது இளையவர். என் மனைவி இறந்தபோது வந்து, சாவு வீட்டில் சொல்லும் பாலி மொழி ஓதலைச் சொன்னார். அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது. மறுவாரம் போய், எனக்கும் சொல்லித் தாருங்கள் என்றேன். "மூணு தடவ வந்து கேளுங்க ஐயா. சும்மா தூக்கிக் குடுக்கக் கூடாதுன்னு எங்க குரு சொல்லியிருக்காரு," என்று திருப்பி அனுப்பினார். எழுபது வயதில் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனாலும் போனேன்.

ஊருக்கெல்லாம் நகல் எடுத்துக் கொடுத்தவர், ஓதலை மட்டும் தாளில் தரமாட்டார். நாகப்பட்டினத்தில் தன் குரு வாயால் சொல்ல, காதால் வாங்கியவர். "ஒரு தாள் குடுத்தா கொறஞ்சா போயிடும்?" என்று ஒருநாள் சண்டை போட்டேன். "தாள வாங்கிட்டுப் போயி பரண்ல போட்டுடுவீங்க. இங்க வந்தாதான் திட்டு வாங்குவீங்க," என்றார். சிரித்துவிட்டேன். "காதால வாங்காதத வாயால குடுக்காதீங்க," என்று அன்றே கண்டிப்பாகவும் சொன்னார்.

வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்தபோது நான் கால்வாசிகூடக் கற்றிருக்கவில்லை. கற்க வேறு யாரும் வரவுமில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே சொன்னார். நான் திருப்பிச் சொன்னேன். வலிக்கு ஊசி போட்டால் நினைவு மங்கிப் பாடம் நின்றுவிடும் என்று ஊசி வேண்டாமென்றார். செவ்வாய்க்கிழமை ஒரு வரியின் நடுவில் தலையணையைக் கடித்துக்கொண்டு சுருண்டார். ஐயோ, அதைப் பார்த்துக்கொண்டு என்ன பாடம் வேண்டிக் கிடக்கிறது? எழுந்துபோய் நர்ஸைக் கூப்பிட்டேன்.

"இன்னும் பாதி இருக்கே ஐயா. எனக்கப்புறம் யாருகிட்ட போவீங்க?" என்று அழுதார்.

"போனாப் போவுது. நீ தூங்கும்மா," என்றேன். அதுவரை அவரை நான் ஒருமையில் அழைத்ததில்லை.

ஊசி போட்டார்கள். தூங்கினார். வியாழக்கிழமை அந்தத் தூக்கத்திலேயே போய்விட்டார்.

காவிரிக்கரைச் சுடுகாட்டில் ஓதினேன். கற்ற இடம் வரை வந்து நின்றுவிட்டேன். "மிச்சத்த போன்ல பாத்துப் படிச்சிடுங்களேன்," என்றார் உறவினர் ஒருவர். "அவங்க குடுத்தது இவ்வளவுதாங்க," என்று விலகிக்கொண்டேன். செந்தில் கொள்ளி வைத்தான்.

ஒருநாள் பொறுத்திருக்கலாம், குரு வழியாக வந்தது நம் ஊரோடு அறுந்துவிட்டது என்று உங்களில் சிலருக்கு என்மேல் வருத்தம். அறுந்ததுதான். நான்தான் அறுத்தேன். இன்னொரு முறை அந்தக் கட்டிலருகே உட்காரவைத்தாலும் நர்ஸைத்தான் கூப்பிடுவேன். அவர் தந்த பாதி என்னிடம் இருக்கிறது. கேட்டு வருபவர்களுக்கு அதைத் தருவேன். மீதி எங்கே என்று கேட்டால், அதைக் கொடுத்துத்தான் மலர்விழி அம்மாவுக்கு இரண்டு நாள் தூக்கம் வாங்கினேன் என்பேன்.