இரண்டாம் தடவை குத்திய பந்து

சூடேறிய ரப்பரின் மணம். கார் டிக்கியின் மூலையில் மாதக்கணக்காகக் கிடந்த பையைத் திறந்ததும் அதுதான் முதலில் முகத்தில் அறைந்தது. பின்னாலே என் சட்டையின் புளித்த வியர்வை. இந்தச் சட்டையோடுதான் கிளப்பின் ஸ்குவாஷ் அரையிறுதியில் வென்றேன்.

அந்த ஆட்டத்துக்காகக் குளிர்காலம் முழுக்க உடம்பைச் செதுக்கியிருந்தேன். ஸ்காபரோவில் எங்கள் கட்டடத்தின் பதினேழு மாடிகளையும் படியால் ஏறுவேன். டொக்டர் என் நாடியைப் பிடித்துப் பார்த்து மெச்சினார். ஆட்ட நாளன்று அந்த நாடி எங்கே போனது? காலையிலிருந்து நான்கு தடவை கழிப்பறை. நாக்கில் செம்புக் கைப்பு. வேர்த்த உள்ளங்கையில் மட்டை வழுகியது, மீனைப் பிடித்ததுபோல.

எதிரே நின்றவர், சனிதோறும் என் காரிலேயே வருகிற அண்ணை. முழங்காலில் பட்டி, முன்தள்ளிய வயிறு, வாயில் இன்னும் மட்டன் ரோல்ஸ்.

“என்ன தம்பி, பேதி மருந்து குடிச்ச மாதிரி நிக்கிறீர்?”

கடைசிப் புள்ளி. அவர் மெல்லத் தட்டிய பந்து முன்சுவரில் பட்டு இறங்கியது. பாய்ந்தேன். தரையில் இரண்டாம் தடவை குத்துமுன் எடுக்க வேண்டும்; குத்தினால் பந்து செத்தது. செத்த பிறகுதான் தொட்டேன், கைக்குத் தெரியும். நடுவராயிருந்த பிள்ளைக்கு என் முதுகு மறைத்துவிட்டது.

“அங்கிள், எடுத்தனீங்களோ?”

“ஓம், எடுத்தனான்.”

சளி வழுகுவதுபோல வந்தது அந்தச் சொல். வென்றேன்.

எங்கள் கிளப்பில் தோற்றவர்தான் அடுத்த ஆட்டத்துக்கு நடுவர். அடுத்தது இறுதியாட்டம், என்னுடையது. அண்ணை துவாயைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே கதிரையில் அமர்ந்தார். சந்தேகமான ஒவ்வொரு பந்துக்கும் என்னையே கேட்டார்.

“நீர் சொல்லும் தம்பி. எடுத்தனீரோ?”

சொன்னதை அப்படியே ஏற்றார். ஒழுங்காய் எடுத்த பந்துகளுக்கும் “இல்லை” என்றேன். படியேறிப் பழகிய கால்கள் கொஞ்சமும் களைக்கவில்லை. மேலே ஓர் அழுகல் மூட்டையைச் சுமந்துகொண்டு கடைசிவரை ஓடின. படுதோல்வி.

அன்று திரும்பும்போது காரில் அவர் வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். நான் பற்களுக்கிடையில் அந்த “ஓம்”மை மென்றுகொண்டிருந்தேன். அஜின்கோர்ட்டில் தன் வீட்டு வாசலில் அவர் இறங்கிக் கதவைப் பிடித்தபோதுதான் துப்ப முடிந்தது.

“அண்ணை, அந்தக் கடைசிப் பந்து ரெண்டுதரம் குத்தினது.”

“தெரியும்,” என்றார். “போய் உந்தச் சட்டையைத் தோயும். மணக்குது.”