கண்ணைத் திறந்து செய்த ஜெபம்

சகோதர சகோதரிகளே, நடந்தவற்றை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. 1982 பிப்ரவரியில் பம்பாய் வடாலாவில் ஒரு சாயத் தொழிற்சாலையில் பாய்லர் வெடித்தது. அங்கே பாய்லர் பார்க்கும் வேலை என் அப்பாவுக்கு. மூன்று பேர் இறந்தார்கள். மற்றவர்கள் வாசலுக்கு ஓடியபோது அப்பா மட்டும் திரும்பி உள்ளே போய், பக்கத்து பாய்லருக்கு எரியெண்ணெய் போகும் வால்வை மூடினார். அந்த பாய்லரும் வெடித்திருந்தால் யாரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

2. கையில் பட்ட தீக்காயம் மூன்று மாதத்தில் ஆறியது. தூக்கம் மட்டும் திரும்பவில்லை. பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவார்.

3. 1984-இல் மறதி தொடங்கியது. செருப்பை அரிசி டிரம்முக்குள் வைத்தார். வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் சயான் ஸ்டேஷனில் நின்றுகொண்டு, நாங்கள் குடியிருக்கும் தாராவிக்கு வழி கேட்டார். அப்போது அவருக்கு ஐம்பத்தொரு வயது.

4. 1985 ஜனவரி முதல் எங்கள் சபையார் வெள்ளிக்கிழமை தோறும் மாலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டில் அவருக்காக உபவாச ஜெபம் வைத்தார்கள்.

5. மே மாதம் அப்பா அம்மாவைப் பார்த்து, "நீங்க யாரு, எந்த ஊரு?" என்று கேட்டார்.

6. ஆகஸ்டில், கல்யாணில் இருக்கும் பெரியப்பா இரண்டு ரயில் டிக்கெட்டோடு வந்தார். தம்பிக்குப் பிடித்திருப்பது பிசாசு, ஊர்ப்பக்கம் ஒரு ஜெப வீட்டில் கொண்டுபோய் விட்டால் தெளிந்துவிடும் என்றார். ஓடிப்போகாமல் இருக்க அங்கே காலில் சங்கிலி போடுவார்கள். பயணத்துக்கு மூன்று வாரம் இருந்தது.

பெரியப்பா கெட்டவர் இல்லை. அப்பாவை பம்பாய்க்குக் கூட்டிவந்து வேலையில் சேர்த்தவரே அவர்தான். நான் மட்டும் கேட்டேன்.

"சங்கிலி போடுவாங்களாமே பெரியப்பா."

"ஏட்டி, நாளைக்கு அவன் தண்டவாளத்துல போய் நின்னா நீயா பிடிச்சு இழுப்ப? ரெண்டு எழுத்து படிச்சுட்டா எல்லாம் தெரிஞ்சிருமோ?"

அம்மா எழுந்துபோய் அப்பாவின் சட்டைகளை மடித்துப் பைக்குள் வைக்கத் தொடங்கினார். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று.

என் வேலையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். நான் கருவியியலில் டிப்ளமா முடித்தவள். செம்பூரில் ஒரு கம்பெனியில், தொழிற்சாலைகளிலிருந்து வரும் அழுத்தமானிகள், அதாவது பிரஷர் கேஜ்கள், சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்துச் சான்று எழுதுகிறேன். எதையும் எழுதி வைப்பது பழக்கம். அப்பா தடுமாறும் ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் குறித்து வந்தேன். எழுதினேனே தவிர, அதை வைத்து என்ன செய்வது என்று தெரியவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி ஜெபித்தேன். அது பணிவான ஜெபம் இல்லை. "ஆண்டவரே, குணமாக்கும், குணமாக்கும் என்று கேட்டுக் களைத்துவிட்டேன். இனி அதைக் கேட்கவில்லை. பழுது எங்கே என்று மட்டும் காட்டும்." அவ்வளவுதான்.

அன்று என் மேஜைக்கு ஓர் அழுத்தமானி மூன்றாவது முறையாகத் திரும்பி வந்திருந்தது. முள் தாறுமாறாக ஆடுகிறது என்று புகார். சோதித்தால் ஒரு குறையும் இல்லை. எங்கே மாட்டியிருக்கிறார்கள் என்று போன் செய்து கேட்டேன். இடிக்கிற பம்புக்குப் பக்கத்தில். கருவியில் குற்றமில்லை, அதிர்வு வெளியிலிருந்து வருகிறது என்று சான்றில் எழுதினேன். அப்பாவையும் வெளியிலிருந்து ஏதாவது ஆட்டுகிறதா என்று தோன்றியது.

பையிலிருந்து அப்பாவின் நோட்டை எடுத்தேன். எட்டு மாதமாகத் தேதி எழுதியிருந்தேன், கிழமை எழுதவில்லை. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்து ஒவ்வொரு தேதிக்குப் பக்கத்திலும் கிழமை எழுதினேன். சில்லறை மறதிகள் எல்லாக் கிழமையிலும் இருந்தன. அம்மாவைத் தெரியாமல் போனது, கட்டிலுக்கு அடியில் போனது, கதவைத் திறந்துகொண்டு ஓடியது, இந்தப் பெரிய தடுமாற்றங்கள் கிட்டத்தட்ட எல்லாமே வெள்ளி மாலையிலோ சனிக்கிழமையிலோ இருந்தன.

எனக்கு அது பிடிக்கவில்லை. மறுபடியும் சரிபார்த்தேன். மாறவில்லை.

எங்கள் ஜெபம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பத்துக்குப் பன்னிரண்டு அறை, தகரக் கூரை, இருபது பேர், கைத்தட்டல், தாளம். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் உரக்க ஜெபிப்போம். எங்கள் போதகர் ஐயா பகலில் தோல் பை தைப்பவர். அவர் குரல் நான்கு சந்து தாண்டிக் கேட்கும், அதில் எங்களுக்கெல்லாம் பெருமை. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டிருப்போம்.

அந்த வெள்ளிக்கிழமை நான் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

அப்பா சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார். சத்தம் ஏற ஏற முகம் வெளுத்தது. வலது கை மட்டும் மடியிலிருந்து எழுந்தது. காற்றில் ஒரு வட்டமான பிடியைப் பிடித்துத் திருப்பத் தொடங்கியது. வலப்பக்கமாகவே திரும்பத் திரும்ப, தோள் நடுங்கும் அளவுக்கு. அவர் வால்வை மூடிக்கொண்டிருந்தார். எட்டு மாதமாக ஒவ்வொரு வெள்ளியும் எங்கள் இருபது பேரையும் காப்பாற்ற அப்படி மூடியிருக்கிறார். கண்ணை மூடியிருந்ததால் ஒருவரும் பார்க்கவில்லை.

பிசாசு என்று நாங்கள் பெயர் வைத்தது அதற்குத்தான்.

திங்கட்கிழமை லீவு போட்டு, அப்பாவையும் நோட்டையும் மாட்டுங்காவில் ஒரு நரம்பு டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். எல்லாப் பக்கங்களையும் படித்தார். அப்பாவைச் சோதித்தார்.

"உங்கப்பாக்கு ரெண்டு இருக்கு. ஒண்ணு, அந்த விபத்து அவருக்கு இன்னும் முடியலை. சத்தம் கேட்டா திரும்ப அங்கேயே போயிடறார். இன்னொண்ணு மறதி நோய். அதுக்கு என்கிட்ட மருந்து இல்லை."

"முதல்லது வந்ததாலதான் ரெண்டாவது வந்துதா டாக்டர்?"

"சண்டையிலேர்ந்து திரும்பி வந்த சிப்பாய்கள் சில பேருக்கு மறதி சீக்கிரமா வந்து பாத்திருக்கேன். எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஆனா தெரியும்னு சொன்னா பொய். பயத்தைக் குறைக்கலாம், தூங்க வைக்கலாம். அதைச் செய்வோம்."

தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த வாய்க்காகவும் ஸ்தோத்திரம் செலுத்தினேன்.

போதகர் ஐயாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. "ஐயா, கோபப்படக் கூடாது" என்று நோட்டைக் கொடுத்தேன். பார்த்ததையும் சொன்னேன். அவர் பக்கங்களைப் புரட்டினார்.

"எல்லாம் வெள்ளியும் சனியுமா இருக்கே."

"ஆமா ஐயா."

நோட்டை மெல்ல மூடினார். பிறகு, "அப்போ நாங்கதான் பாய்லராம்மா?" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவருக்கும்தான்.

அடுத்த வெள்ளி பெரியப்பாவும் வந்திருந்தார். தாளம் வேண்டாம், தட்டல் வேண்டாம், மனதுக்குள் ஜெபியுங்கள் என்று ஐயா சொன்னதும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"இது என்ன ஊமை ஜெபம்? இப்படிச் சொன்னா ஆண்டவருக்குக் கேக்குமா?"

"அவருக்குக் கேக்கும் அண்ணாச்சி. இத்தன நாளா நமக்குத்தான் ஒண்ணும் கேக்கல" என்றார் ஐயா. என்னிடம், "நீ கண்ணைத் திறந்துக்கம்மா" என்றார்.

ஐயா அப்பாவின் வலது கையைப் பிடித்துக்கொண்டு அருகில் உட்கார்ந்தார். இருபது பேர் அரைமணி நேரம் பேசாமல் இருந்தார்கள். அந்தக் கை இரண்டு முறை அசைந்தது. பிறகு அடங்கியது. அப்பா நிமிர்ந்து எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"எல்லாரும் வெளிய வந்தாச்சா?"

அம்மாதான் சொன்னார்.

"வந்தாச்சுங்க. எல்லாரும் வந்தாச்சு. நீங்கதான் வால்வ மூடுனீங்க."

அப்பா தலையை ஆட்டினார். மூன்றரை வருடத்தில் முதல் முறையாக, உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போனார். பெரியப்பா வாசலுக்குப் போய் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் அவரே போய் டிக்கெட்டை ரத்து செய்தார். அம்மா பையிலிருந்து சட்டைகளை எடுத்துத் திரும்பக் கொடியில் போட்டார்.

சகோதர சகோதரிகளே, நான் கேட்ட முதல் ஜெபத்துக்கு, குணமாக்கும் என்ற ஜெபத்துக்கு, இன்னும் பதில் வரவில்லை. இரண்டாவதற்கு அதே நாளில் பதில் வந்தது, என் வேலை மேஜை மேலேயே வந்தது. என் அப்பா எப்படிப்பட்டவர் என்று ஆண்டவர் எனக்குக் காட்டினார். பெற்ற மகளின் பெயரையே மறந்துபோகிறவர், மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு வால்வை மூட மறக்கவில்லை. இப்படிப்பட்டவருக்கு மகளாக இருப்பதில் எனக்குப் பெருமை. தன் குரலைத் தானே அடக்கிக்கொண்ட எங்கள் சபையை நினைத்தாலும் பெருமைதான். உங்கள் வீட்டிலும் யாராவது இப்படித் தடுமாறினால் ஆண்டவரை நம்புங்கள். பழுதைக் காட்டும் என்று கேளுங்கள். டாக்டரிடம் கூட்டிப்போங்கள். ஜெபிக்கும்போது ஒருவராவது கண்ணைத் திறந்து அவரைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

இன்று 1988 ஜூலை. அப்பாவுக்கு வயது ஐம்பத்தைந்து. மறதி கூடியிருக்கிறது. வாரத்தில் நான்கு நாள் நான் யார் என்று தெரிவதில்லை. மாத்திரை போட்டுத் தூங்குகிறார். கட்டிலுக்கு அடியில் போய் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. காலில் சங்கிலி இல்லை. வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு எங்கள் வீட்டில் ஜெபம் நடக்கிறது. சந்தில் போகிறவர்களுக்குக் கேட்பதில்லை.