தங்கவேல் மாற்றாத சாப்பாட்டு நேரம்

தங்கவேல் போய்விட்டார் என்ற செய்தி தொழிற்சாலை வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. காலை ஏழு மணி. மெட்ரோவில் உட்கார்ந்திருந்தேன். முந்தைய நாள் மாலைகூட, மறுநாள் மூடுபனி இருக்கும், மெஷின்களை மெதுவாகத் தொடங்குங்கள் என்று எனக்குச் செய்தி அனுப்பியிருந்தார். தில்லி கித்வாய் நகரில், அவர் மனைவிக்கு அரசு கொடுத்த குவார்ட்டர்ஸில், தூக்கத்திலேயே மாரடைப்பு. அடுத்த ஸ்டேஷனில் இறங்கி எதிர்ப்பக்க ரயிலைப் பிடித்தேன்.

நான்காம் நாள் தொழிற்சாலையில் இரங்கல் கூட்டம் நடந்தது. பிரஸ் மெஷினில் வேலை செய்யும் செல்வி எழுந்து, "தங்கமான மனுஷன். சாப்பாட்டு நேரத்தை மாத்தினாரே, அதுல மட்டுந்தான் தப்புப் பண்ணிட்டாரு. அதையும் நான் மன்னிச்சுட்டேன்" என்று சொல்லி உட்கார்ந்தார். எல்லோரும் தலையசைத்தார்கள். நானும் அசைத்தேன். அவரை அறிந்த உங்களுக்கெல்லாம் இதை எழுதுவது அதனால்தான். அந்தத் தப்பை அவர் செய்யவில்லை.

எங்கள் தொழிற்சாலை தில்லியின் வடமேற்கு ஓரத்தில் இருக்கிறது. கரும்புச் சக்கையைக் கூழாக்கி, சூடான அச்சில் அழுத்தி, ஒரு முறை சாப்பிட்டுத் தூக்கிப்போடும் தட்டுகளும் டப்பாக்களும் செய்கிறோம். அச்சைச் சூடாக்கவே மின்சாரம் ஏராளமாகப் போகும். கூரை முழுக்க சோலார் பேனல் போட வேண்டும் என்று முதலாளியின் பின்னாலேயே ஒரு வருடம் அலைந்தவர் எலக்ட்ரிகல் இன்ஜினியர் தங்கவேல். "பத்து நிமிஷம் சோறு தாங்கற தட்டுங்க இது. இதுக்குப் போயி மண்ணுக்கடியில கெடக்கற கரியை எரிக்கோணுங்களா?" என்பார். தில்லிக்கு வந்து இருபது வருடமாகியும் அவருடைய கோயம்புத்தூர்ப் பேச்சு ஒரு சொல்கூடக் குறையவில்லை. ஹிந்தி பேசினாலும் கடைசியில் ஒரு 'ங்க' ஒட்டிக்கொள்ளும்.

பேனல்களை அவரே துடைப்பார். இந்த ஊர்த் தூசி ஒரு வாரத்தில் கண்ணாடியை மறைத்துவிடும். வெயில் ஏறிய பிறகு தண்ணீர் ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடும் என்பதால் சூரியன் வருமுன் கூரையில் இருப்பார். ஒரு நாள் நானும் ஏறினேன். இரண்டு வரிசை முடிப்பதற்குள் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அவர் சிரித்துக்கொண்டே மிச்சத்தையும் துடைத்து முடித்தார்.

ஒரு குளிர்காலத்தில், டப்பாக்களின் மேல் 'முழுக்க முழுக்கச் சூரிய சக்தியில் தயாரானது' என்று அச்சிட முதலாளி ஆசைப்பட்டார். வெளியே புகைமூட்டத்தில் எதிர்க் கட்டடமே தெரியவில்லை. தங்கவேல் ஒரு தாளில் வேறு வாசகம் எழுதி நீட்டினார்: 'வெயில் இருந்தபோது வெயிலில், இல்லாதபோது கரண்டில் செய்தது.' இதைப் பார்த்தால் யார் வாங்குவார்கள் என்று முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். கடைசியில் எதுவுமே அச்சிடவில்லை. ஒரு டப்பாவின் மேல்கூடப் பொய் எழுத விடாத மனிதர் அவர்.

இனி அந்தச் சாப்பாட்டு நேரம். மூன்று கோடைகளுக்கு முன்பு நான் உற்பத்தி மேலாளராகச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. வேலை இன்னும் உறுதியாகவில்லை. பேனல்கள் மின்சாரம் அதிகமாகத் தரும் பன்னிரண்டரை மணிக்குத்தான் எல்லோரும் மெஷினை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போவார்கள். சாப்பாட்டை மூன்று மணிக்குத் தள்ளினால் என்ன என்று தங்கவேலைக் கேட்டேன்.

"உச்சி வெயில்ல மெஷின் நிக்கறது எனக்கும் வயித்தெரிச்சல்தானுங்க. அதுக்காக ஆளுங்களைக் காயப்போடக் கூடாதுங்க" என்றார்.

நான் கேட்கவில்லை. முதலாளியிடம் போய், தங்கவேலும் நானும் சேர்ந்து போட்ட திட்டம் என்று சொன்னேன். அவர் பேரைச் சேர்த்தால்தான் முதலாளி சம்மதிப்பார் என்று தெரியும்.

சாப்பாடு மூன்று மணிக்கு மாறிய நான்காம் நாள் செல்வி மயங்கி விழுந்தார். சர்க்கரை நோய்க்குக் காலையில் மாத்திரை போடுகிறவர். பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டாக வேண்டும் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை. விழும்போது முன்னங்கை சூடான அச்சில் பட்டுத் தோல் உரிந்துவிட்டது. மறுநாள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு வாசலில் கூடி நின்று, இது யார் வேலை என்று கேட்டார்கள். நான் பின்னால் ஒதுங்கி நின்றேன். தங்கவேல் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு முன்னால் போனார்.

"நேரத்தை மாத்துனது நானுங்க. வெயிலைப் பார்த்தேன், வயித்தைப் பார்க்கலை. மன்னிச்சுக்கோங்க" என்று கைகூப்பினார்.

அவருக்குச் சோலார்ப் பைத்தியம் என்பது ஊருக்கே தெரியும். எல்லோரும் உடனே நம்பினார்கள்.

அன்றே புது ஏற்பாடு செய்தார். மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும், ஆட்கள் இரண்டு பிரிவாகப் பன்னிரண்டு மணியிலிருந்து சாப்பிடுவார்கள். செல்வி சாப்பிடப் போகும் நேரத்தில் அவர் மெஷினில் தங்கவேலே நிற்பார். செல்வி ஒன்றும் பேசாமல் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுப் போவார். தங்கவேல் அதை மாட்டிக்கொள்வார்.

ஏன் சார் அப்படிச் சொன்னீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். "உங்களுக்கு இது மொதத் தப்புங்க. நான் பண்ணுனதையெல்லாம் எண்ணி வெக்கலைங்க" என்று சொல்லிவிட்டு மீட்டரைப் பார்க்கத் திரும்பிவிட்டார். நானே சொல்லிவிடுவேன் என்று அவர் காத்திருந்தாரோ என்னவோ. என் வேலை உறுதியானது. அதன் பிறகும் நான் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை செல்வியின் வீட்டுக்குப் போனேன். தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கும் காலனியில் ஒற்றை அறை. டீ கொடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தன் முன்னங்கைத் தழும்பைத் தடவிப் பார்த்தார்.

"அச்சா, அப்படியா" என்றார். பிறகு, "அவரு இருக்கையிலேயே இதச் சொல்லியிருக்கக் கூடாதா சார்? கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் நான் அவருகிட்ட மொகங்கொடுத்துப் பேசல. தெனம் என் மெஷின்ல வந்து நின்ன மனுஷன் சார்."

டீயைக் குடிக்காமலே எழுந்து வந்தேன்.

தங்கவேலின் கருவிப்பெட்டியை அவர் மனைவி கொண்டுபோய்விட்டார். கூரையைப் புது இன்ஜினியர் பார்த்துக்கொள்வார். செல்வி தங்கவேலிடம் பேசாமல் இருந்த அந்த இரண்டு வருடம் மட்டும் எனக்கு. அது என்னிடம் வந்திருக்க வேண்டியது. இத்தனை காலம் அவர் வைத்திருந்தார், இனி நான் வைத்துக்கொள்கிறேன்.