வெறும் வயிற்று நடை

எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்த வாரமே தினமும் ஐந்து கிலோமீட்டர் நடக்க ஆரம்பித்தேன். மறுவாரம் ஏழு. அத்தனை தூரம் நடக்கும்படி யாரும் சொல்லவில்லை. மருத்துவர் சொன்னது இரண்டே விஷயம். காலை மாத்திரையைச் சாப்பாட்டோடு போட வேண்டும், தினமும் அரை மணி நேரம் நடக்க வேண்டும். அந்த அம்மாவின் அறையை விட்டு வெளியே வரும்போதே அரை மணி நேரமெல்லாம் எனக்குப் போதாது என்று முடிவு செய்துவிட்டேன்.

காரணம் என் அண்ணன். அவனுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. அந்த வருஷம் தை மாதம்தான் அவனுடைய வலது காலில் இரண்டு விரல்களை எடுத்திருந்தார்கள். பார்க்கப் போனபோது கட்டிலில் போர்வையை விலக்கிக் காலைக் காட்டினான். "இனிமே செருப்பு வாங்குததுதான் கஷ்டம்" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊர் திரும்பும் பஸ்ஸில் செருப்பைக் கழற்றி என் விரல்களை அசைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர் வேலை எனக்கு. சேரன்மகாதேவியிலிருந்து போக பஸ்ஸில் உட்கார்ந்திருப்பேன். போய் இறங்கினால் சாயங்காலம் வரை நாற்காலி. திரும்ப பஸ். வீட்டுக்கு வந்தால் டிவி முன்னால். இருபது வருஷமாக அப்படித்தான் இருந்தேன், ஒரு நாளும் அதைப் பற்றி யோசித்ததில்லை. இப்போது நாற்காலியைப் பார்த்தாலே பயம் வந்தது. பஸ்ஸில் இடம் காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டில் போன் பேசும்போதுகூட அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தேன். சர்க்கரை பார்க்கும் மெஷின் ஒன்று வாங்கினேன். காலையில் ஒன்று, சாப்பிட்டபின் ஒன்று, சந்தேகம் வந்தால் இன்னொன்று. விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய புள்ளிகள். எண் குறைந்திருந்தால் இன்னும் குறைக்க ஓடினேன், கூடியிருந்தால் பயந்து ஓடினேன்.

என் வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். எதற்கும் பதறாத மனிதர். முதல் மாதம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் மட்டும், நான் மூன்றாம் முறையாக விரலைக் குத்தும்போது, "கொஞ்ச நேரம் இங்கன உக்காரேன்" என்றார். உட்கார்ந்துதானே இது வந்தது என்று கத்தினேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டார்.

ஆனி மாதம். காலை ஐந்தரைக்கே கிளம்பிவிடுவேன். முந்தின நாள் சாப்பிட்டபின் எண் கூடுதலாகக் காட்டியிருந்தது. அதனால் அன்றைக்கு எதுவும் சாப்பிடுவதில்லை என்று நினைத்தேன். மாத்திரையை மட்டும் வெறும் தண்ணீரில் விழுங்கினேன். ஒரு தோசையாவது தின்றுவிட்டுப் போகச் சொன்னார் அவர். வந்து சாப்பிடுவதாகச் சொல்லி நடையைக் கட்டினேன்.

வாய்க்கால் கரையில் வழக்கமாகத் திரும்பும் மதகைத் தாண்டி நடந்தேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கால்கள் போய்க்கொண்டே இருந்தன. திரும்பி வரும்போதுதான் கை நடுங்கியது. கழுத்தெல்லாம் வேர்வை, ஆனால் குளிர்ந்தது. நெஞ்சு படபடத்தது. யார் மேல் என்று தெரியாமல் கோபமாக வந்தது. வயல் பச்சை, தண்ணீர், கரை எல்லாம் ஒன்றாகக் கலங்கின. போன் எடுக்கலாம் என்று நினைத்தேன். அது இடுப்பில் இருக்கிறதா, பையில் இருக்கிறதா என்பது நினைவுக்கு வரவில்லை. அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நாற்று நடப் போகும் பெண்கள் நாலைந்து பேர் எதிரே வந்தார்கள். அதில் என் வயதே இருக்கும் ஒருத்தி குனிந்து என் நெற்றியைத் தொட்டாள். சுகர் உண்டா, மாத்திரை போட்டேனா, சாப்பிட்டேனா என்று வரிசையாகக் கேட்டாள். நான் தலையை ஆட்டியது அவளுக்குப் போதுமாக இருந்தது. தூக்குவாளியைத் திறந்து மூடியில் டீயை ஊற்றினாள். உதட்டில் பட்டதும் தெரிந்தது, நல்ல இனிப்பு. இனிப்பு என்றதும் நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த நிலையிலும்.

"குடிங்க. இப்ப இதுதான் மருந்து. பைய பைய குடிங்க" என்றாள்.

குடித்தேன். பக்கத்திலேயே உட்கார்ந்து, தன் சோற்றுப் பாத்திரத்திலிருந்து இரண்டு கை சோறும் தின்ன வைத்தாள். கால் மணி நேரத்தில் வயல் மறுபடி வயலாகத் தெரிந்தது. இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"எனக்கும் சுகர் உண்டும்லா. நாள் பூரா குனிஞ்சு நிமிருதேன், எனக்கே வந்துட்டு. ஒருக்கா வயக்காட்டுலயே விழுந்துட்டேன். அதுலருந்து திங்காம வேலைக்கு இறங்க மாட்டேன்."

அதைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உட்கார்ந்தே இருந்ததற்கான தண்டனை என்றுதான் நான் இந்த நோயை நினைத்திருந்தேன். நடந்து நடந்து அந்தத் தண்டனையைக் கழிக்கப் பார்த்தேன். அவளோ ஒரு நாளும் நாற்காலியில் உட்கார்ந்திருக்க மாட்டாள். அவள் என்னை மதகு வரை கொண்டுவந்து விட்டாள். அவளுடைய பேரைக்கூட நான் கேட்கவில்லை.

வீட்டில் எதையும் சொல்லவில்லை. நாலு நாள் கழித்து மருத்துவரைப் பார்க்கப் போனபோது, அவர் முன்னால்தான் வாய் திறந்தேன். பக்கத்து நாற்காலியில் என் வீட்டுக்காரர் இருந்தார். மருத்துவர் என்னைத் திட்டினார். அந்த மாத்திரை தானாகவே சர்க்கரையைக் குறைக்கும், வயிறும் காலியாக இருந்து தூரமும் நடந்தால் அது பாதாளத்துக்குப் போகும், ரோட்டில் விழுந்திருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். பிறகு குரலைத் தணித்துச் சொன்னார். நடக்கும்போது தசை ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். அதனால் சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிஷம் நடந்தாலே பலன் உண்டு. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதும் உடற்பயிற்சிதான். அலுவலகத்தில் அரை மணிக்கு ஒரு தடவை எழுந்திருக்க வேண்டும். பையில் எப்போதும் நாலு மிட்டாய் இருக்க வேண்டும்.

திரும்பும் பஸ்ஸில் என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பேட்டை தாண்டியது, பத்தமடை தாண்டியது. ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கி நடக்கும்போதுதான் சொன்னார்.

"நாலு நாளா எங்கூடத்தான இருந்த. ஒரு வார்த்தை சொல்லலயே."

நான் பயந்துபோயிருந்ததாகச் சொன்னேன். எதற்குப் பயம் என்று கேட்டார். அண்ணனின் காலைச் சொன்னேன். அவருக்கு அது தெரியாதது இல்லை. ஆனால் அதை வாயால் சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை. தெருமுனை வரை அழுதுகொண்டே வந்தேன்.

அன்று ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அவர் டிவி பக்கம் போகவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். கோயில் தெருவை இரண்டு சுற்று சுற்றினோம். நான் வேகமாகப் போனேன். அவர் வேகத்தைக் கூட்டவில்லை. நான்தான் நின்று நின்று போக வேண்டியிருந்தது.

இப்போது தலைமையாசிரியை கேட்கும் கோப்பை நானே மாடிக்குக் கொண்டுபோகிறேன். மதியம் சாப்பிட்டதும் மைதானத்தை ஒரு சுற்று வருகிறேன். ரத்தப் பரிசோதனையில் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி இறங்கியிருந்தது. மருத்துவர் மாத்திரையையும் குறைத்தார். அதற்காக மனசு அடங்கிவிட்டது என்று சொல்ல முடியாது. குளித்ததும் பாதத்தைக் கண்ணாடியில் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். எறும்பு கடித்தால்கூட அன்றைக்குத் தூக்கம் போய்விடும். சில நாள் இன்னும் காரணமில்லாமல் விரலைக் குத்துகிறேன்.

ஐப்பசி மழையில் ஒரு வாரம் தெருவில் கால் வைக்க முடியவில்லை. சாப்பிட்டபின் வீட்டுக்குள்ளேயே நடந்தோம். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு நீளக் கூடம்தான். நான் வாசலிலிருந்து வர, அவர் அடுப்படியிலிருந்து வர, நடுவில் மோதிக்கொள்ளாமல் ஒதுங்க வேண்டும். மூன்றாம் நாள் அவர் நின்றுவிட்டார்.

"நீ இடது பக்கமா வா. இல்லன்னா எனக்குக் கால் முறியும்" என்றார்.

இடது பக்கமாக நடந்தேன். வெளியே ஓட்டிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. இன்னும் ஐந்து நிமிஷம் பாக்கி இருந்தது.